முதல் முறையாகப் புத்த தியானக் குழுவுக்குப் போகிறேன், திருநீறோடு போகலாமா?

ஜெலுத்தோங் மகள் | ஞாயிறு, இரவு 10:12

வணக்கம். என்னோடு வேலை செய்யும் சீன அக்கா ஒருவர், வருகிற புதன்கிழமை இரவு பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு புத்த தியானக் குழுவுக்குக் கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லியிருக்கிறார். நானும் சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன நாளிலிருந்து வயிற்றில் ஒரு கலக்கம்.

அப்பா போய் எட்டு மாதம் ஆகிறது. அதிகாலை மூன்று மணிக்கு மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. இன்றுவரை அந்த மூன்று மணிக்கு எனக்கு விழிப்பு வந்துவிடுகிறது, அதற்கப்புறம் தூக்கம் இல்லை. வேலை இடத்தில் அந்த அக்கா மட்டும்தான் இதைக் கவனித்தார். "ஒரு நாள் வந்து சும்மா உட்கார்ந்து பார்" என்றார்.

நாங்கள் சைவக் குடும்பம். தைப்பூசத்துக்கு அப்பா இருபது வருடம் காவடி எடுத்தவர். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. நான் வீட்டை விட்டு வெளியே போகும்போது திருநீறு பூசாமல் போவதில்லை. அங்கே அதோடு போகலாமா? சிலைக்கு முன்னால் விழுந்து கும்பிடச் சொல்வார்களா? கும்பிடாவிட்டால் தவறாக நினைப்பார்களா? என்ன உடை போட வேண்டும், காசு கொடுக்க வேண்டுமா, எதுவும் தெரியவில்லை. போய் வந்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

வார்டு தாதி | ஞாயிறு, இரவு 10:50

தங்கச்சி, முதலில் அப்பாவுக்கு என் அஞ்சலி.

நான் நான்கு வருடமாக வாரம் ஒரு நாள் போகிறேன். வெள்ளை அல்லது வெளிர் நிறத்தில், தோளும் முழங்காலும் மூடிய தளர்வான உடை போதும். ஜீன்ஸ் வேண்டாம், அரை மணி நேரத்தில் தொடை இறுக்கிவிடும். செருப்பு வெளியே, போன் முழுக்க அணைத்து வையுங்கள். அதிரும்படி வைத்தாலும் அந்த அமைதியில் எல்லோருக்கும் கேட்கும். கால் நீட்ட வேண்டியிருந்தால் சிலையின் பக்கமோ பிக்குவின் பக்கமோ நீட்ட வேண்டாம், பக்கவாட்டில் திருப்பிக்கொள்ளுங்கள். பிக்கு யாராவது இருந்தால், பெண்கள் பொருளை அவர் கையில் நேராகக் கொடுப்பதில்லை. தட்டிலோ அவர் விரிக்கும் துணியிலோ வைக்க வேண்டும். காசு கேட்க மாட்டார்கள். வாசலில் தானப் பெட்டி இருக்கும், ஒரு ரிங்கிட் போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி.

திருநீறு பற்றி ஒரு கவலையும் வேண்டாம். நான் பொட்டும் பூவுமாகத்தான் போகிறேன்.

இரவுச் சாப்பாட்டைக் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். முழங்கால் பிரச்சினை இருந்தால் நாற்காலி கேளுங்கள், கேட்பதில் வெட்கமே இல்லை. எங்கள் குழுவில் பாதிப் பேர் நாற்காலியில்தான்.

பழைய பட்டர்வொர்த் | திங்கள், காலை 6:35

அம்மா, எனக்கு இப்போது அறுபத்தெட்டு வயது. ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்தவன். முதன்முதலில் தியானத்துக்குப் போனபோது எனக்கும் இதே கேள்விகள்தான் இருந்தன, கேட்கத்தான் ஆள் இல்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பினாங்கில் புத்தக் கோயில் என்றால் ஒரே மாதிரி இல்லை. பர்மா லேனில் எதிரும் புதிருமாக இரண்டு இருக்கின்றன: 1803இல் தொடங்கிய பர்மியக் கோயில் தம்மிகாராமா, 1845இல் எழுந்த சயாமியக் கோயில். சயாமியக் கோயிலில் 33 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் புத்தரைப் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்திருப்பீர்கள். கம்பார் ரோட்டில் இருக்கும் மகிந்தாராமா இலங்கை மரபு, 1918இல் தொடங்கியது. ஆயர் ஈத்தாம் கெக் லோக் சீ சீன மகாயான மரபு. எந்த மரபுக் குழு என்பதைப் பொறுத்து அன்றைய மாலை மாறும். சில இடங்களில் நீண்ட நேரம் ஓதுவார்கள், சில இடங்களில் ஐந்து நிமிடம் ஓதிவிட்டு நேராக உட்கார்ந்துவிடுவார்கள்.

இங்கே பர்மா, தாய்லாந்து, இலங்கை நாடுகளின் தேரவாத மரபைப் பின்பற்றும் குழுக்கள் பலவற்றில் சொல்லித்தருவது பர்மாவின் மகாசி சயாடோ (1904–1982) பரப்பிய முறை. மூச்சு உள்ளே போகும்போது வயிறு மேலே எழும்பும், வெளியே வரும்போது அடங்கும். எழும்பும்போது மனதுக்குள் "எழும்புகிறது", அடங்கும்போது "அடங்குகிறது" என்று குறித்துக்கொள்ள வேண்டும். மனம் எங்காவது ஓடினால் "நினைக்கிறது" என்று குறித்துவிட்டு மறுபடி வயிற்றுக்கு வர வேண்டும். கால் வலித்தால் "வலிக்கிறது". அவ்வளவுதான் முதல் நாள் பாடம். மந்திரம் கிடையாது, ஒளியைக் கற்பனை செய்வது கிடையாது.

மனம் ஓடும். நூறு தடவை ஓடும். அதைப் பார்த்து "எனக்கு இது வராது" என்று எழுந்து போய்விடாதீர்கள். நான் முதல் மூன்று வாரம் அப்படித்தான் நினைத்தேன். ஓடியது தெரிந்து திரும்பக் கூட்டி வருகிறோமே, அதுதான் அங்கே பயிலும் வேலை.

கும்பிடுவது உங்கள் விருப்பம். மூன்று முறை விழுந்து வணங்குவார்கள். நீங்கள் அமைதியாக அமர்ந்திருந்தால் போதும், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

திருமுறை அடியான் | திங்கள், மதியம் 1:20

சகோதரி, உங்கள் துக்கத்தை மதித்துச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். நம் வீட்டில் இல்லாததா அங்கே இருக்கிறது? திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் இயமம், நியமம், ஆதனம், பிராணாயாமம் தொடங்கிச் சமாதி வரை யோகத்தின் எட்டு உறுப்பையும் தமிழிலேயே சொல்லி வைத்திருக்கிறார். நம் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லித்தர ஆளில்லாமல் போனதுதான் என் வருத்தம்.

இன்னொன்று. அங்கே போனால் உயிர் என்று நிலையான ஒன்று இல்லை என்பார்கள். நாம் பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (கட்டு) மூன்றும் அனாதி என்கிறோம். இரண்டும் ஒன்றுதான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், ஒன்றல்ல. சம்பந்தர் பதிகத்துக்குப் பதிகம் பத்தாவது பாடலில் புத்தரையும் சமணரையும் மறுத்துப் பாடியது காரணமில்லாமல் இல்லை. போக வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது. தெரிந்து போங்கள் என்கிறேன்.

பழைய பட்டர்வொர்த் | திங்கள், மாலை 5:02

ஐயா சொன்னதில் பெரும்பகுதி சரி. "எல்லா மதமும் ஒன்றே" என்று சொல்லி யாரும் யாரையும் அழைத்துப் போகக் கூடாது, அது இரண்டு பக்கத்துக்கும் மரியாதை இல்லை. அனாத்மா, அதாவது நிலையான உயிர் இல்லை என்பது, புத்தரின் போதனையில் நடு இடம். நான் இத்தனை வருடம் உட்கார்ந்தும் அதைப் பற்றி எனக்குள் வாதம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. என் வீட்டுப் பூஜை அறையில் இன்றும் முருகன் இருக்கிறார்.

ஆனால் எட்டு மாதமாகத் தூங்காத பிள்ளை, புதன்கிழமைக்குள் அந்த வழக்கைத் தீர்த்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று இல்லையே. பாலி மொழியில் அவர்கள் தம்மத்தை, அதாவது புத்தரின் போதனையை, சொல்லும்போது "எஹிபஸ்ஸிகோ" என்று ஒரு சொல் வரும், வந்து பார்க்கத்தக்கது என்று பொருள். பார்த்துவிட்டு வேண்டாம் என்று திரும்பி வருவதற்கும் அதில் இடம் இருக்கிறது.

கடாரத்தான் | திங்கள், இரவு 9:15

சுங்கைப் பட்டாணியிலிருந்து எழுதுகிறேன். வரலாறு என் பைத்தியம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தமிழருக்குப் புத்தம் அந்நியம் என்ற எண்ணம் இந்த மண்ணிலேயே நிற்காது. 1834இல் ஜேம்ஸ் லோ என்ற பிரிட்டிஷ் அதிகாரி செபராங் பிறையில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். அதில் ஒரு தூபி செதுக்கப்பட்டிருக்கிறது. அதைச் சுற்றித் தென்னிந்திய எழுத்தில், சமஸ்கிருதத்தில், புத்தகுப்தன் என்ற பெரும் மாலுமி தன் பயணம் நல்லபடியாக முடிய வேண்டும் என்று வேண்டியிருக்கிறான். காலம் ஐந்தாம் நூற்றாண்டு. அதே கல்லில் ஒரு பாட்டும் உண்டு: அறியாமையால் வினை சேர்கிறது, பிறப்புக்கு வினையே காரணம், அறிவு வந்தால் வினை சேராது, வினை இல்லாததால் பிறப்பில்லை. கல் இப்போது கொல்கத்தா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிறை ஆற்றைத் தாண்டி வேலைக்குப் போகும்போதெல்லாம் அந்த மாலுமியை நினைத்துக்கொள்வேன்.

திருமுறை ஐயாவுக்கு ஒரு செய்தி. நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற புத்தப் பள்ளியை எழுப்பியவர்கள் கடாரத்தை, அதாவது நம் கெடாவை, ஆண்ட ஸ்ரீவிஜய மன்னர்கள். அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை எழுதிக்கொடுத்தவர் முதலாம் இராசராசன். தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியவர், சிவபாதசேகரன் என்று பட்டம் வைத்துக்கொண்டவர். லெய்டன் செப்பேட்டில் இது இருக்கிறது. அவருடைய சைவம் அதனால் குறைந்துபோகவில்லை.

திருமுறை அடியான் | திங்கள், இரவு 10:40

ஆனைமங்கலம் எனக்குத் தெரியும் ஐயா. அரசன் தானம் கொடுப்பது வேறு, அடியார் வழி மாறுவது வேறு. ஆனாலும் அந்தக் கல்லில் இருக்கும் பாட்டை எழுதியதற்கு நன்றி, எனக்கு அது புதிது.

பி.எம். பையன் | செவ்வாய், காலை 8:05

இதற்கெல்லாம் எதற்கு ஒரு இடத்துக்குப் போக வேண்டும்? போனில் தியானச் செயலிகள் நிறைய இருக்கின்றன. நான் படுத்துக்கொண்டே பத்து நிமிடம் கேட்கிறேன், மதப் பிரச்சினையே இல்லை.

வார்டு தாதி | செவ்வாய், மாலை 4:30

தம்பி, செயலி எனக்கும் உதவியிருக்கிறது. ஆனால் தனியாக இருக்கும்போது கால் கொஞ்சம் மரத்தாலே நான் எழுந்துவிடுவேன். முப்பது பேர் சேர்ந்து அசையாமல் உட்கார்ந்திருக்கும் அறையில் அந்த முப்பது பேரும் என்னைத் தாங்குகிறார்கள். அப்புறம், அழுகை வந்தால் அங்கே பக்கத்தில் ஒருவர் இருப்பார்.

தங்கச்சி, இதையும் சொல்லிவிடுகிறேன். என் கணவர் பிரிந்துபோன மூன்றாவது மாதம், ஒரு நாள் கூட உட்கார்ந்து பழகாமல், தென் தாய்லாந்தில் ஒரு காட்டு விகாரையில் நேராகப் பத்து நாள் முகாமுக்குப் போனேன். மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்ததை விண்ணப்பத்தில் மறைத்தேன், மருந்தையும் நானாகவே நிறுத்தினேன். ஆறாம் நாள் என்னால் தாங்க முடியவில்லை. உடம்பெல்லாம் நடுங்கியது, இரவெல்லாம் விழிப்பு. பாதியில் திரும்பி வந்து, தேற ஒரு வருடம் ஆனது. மருந்து சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது, ஆசிரியரிடம் மறைக்கவும் கூடாது. துக்கம் பச்சையாக இருக்கும்போது வாரத்துக்கு ஒரு மணி நேரம், ஆட்களோடு, அது போதும். தூக்கம் தொடர்ந்து இல்லையென்றால் கிளினிக்கிலும் ஒருமுறை காட்டுங்கள். தியானம் அதற்கு மாற்று இல்லை.

செந்தூல்வாசி | செவ்வாய், இரவு 11:25

கோலாலம்பூரிலிருந்து. வேறொரு விஷயம் சொல்ல வேண்டும், இழைக்குப் பொருந்துமா தெரியவில்லை.

என் தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்து பிரிக்பீல்ட்ஸில் குடியேறியவர். அந்த வட்டாரத்திலேயே 1894இல் சிங்களச் சமூகத்தார் தொடங்கிய புத்த மகா விகாரை இருக்கிறது. சின்ன வயதில் விசாக ஊர்வலத்தை வாசலில் நின்று பார்ப்போம். 2009க்குப் பிறகு என்னால் அந்தத் தெருவில் நடக்கவே முடியவில்லை. முள்ளிவாய்க்காலில் எங்கள் உறவுகள் இருந்தார்கள். காவித் துணியைக் கண்டாலே நெஞ்சு அடைத்தது. அது நியாயமா என்று கேட்காதீர்கள், அப்படி இருந்தது.

போன வருடம் ஒரு தமிழ் நண்பர் என்னை வேறொரு சிறிய தியானக் குழுவுக்கு அழைத்தார். கடைசியில் மெத்தா தியானம் செய்தார்கள், அன்பைப் பரப்புவது. முதலில் தனக்கு, பிறகு வேண்டியவருக்கு, பிறகு முன்பின் அறியாதவருக்கு, பிறகு பகைத்தவருக்கு. நான்காவதுக்கு வந்தபோது என்னால் முடியவில்லை. எழுந்து வெளியே போய் நின்றேன். நடத்தியவர் பின்னாலேயே வந்து, "முதல் மூன்றோடு நில்லுங்கள், அவசரம் இல்லை" என்று மட்டும் சொன்னார். இன்றுவரை மூன்றோடுதான் நிற்கிறேன். அங்கே யாரும் என்னை நான்காவதுக்குத் தள்ளவில்லை, அதனால் இன்னும் போகிறேன். பகைத்தவரை மன்னித்துவிட்டேன் என்று பொய் சொல்ல வேண்டிய இடமாக அது இருந்திருந்தால் போயிருக்க மாட்டேன்.

ஜெலுத்தோங் மகள் | புதன், காலை 7:10

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். செந்தூல் அண்ணா, நீங்கள் எழுதியது மனதில் அப்படியே நிற்கிறது. நேற்று இரவு அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "எங்கேயோ போய் மதம் மாறிட்டு வந்து நிக்காதே" என்றார், அதற்கப்புறம் பேசவில்லை. இன்று இரவு எட்டு மணிக்கு. வந்து எழுதுகிறேன்.

ஜெலுத்தோங் மகள் | வியாழன், இரவு 9:48

போய் வந்தேன். நேற்று இரவே எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை.

மாடியில் ஒரு நீண்ட அறை. முன்னால் வெள்ளைப் புத்தர், தாமரை மொட்டு, சின்னச் சின்னக் கிண்ணங்களில் தண்ணீர், இரண்டு மெழுகுவர்த்தி. மொத்தம் இருபத்தைந்து பேர் இருப்போம், பெரும்பாலும் சீனர்கள். ஒரு பஞ்சாபிக் கிழவர், அவரைத் தவிர இந்திய முகம் நான் மட்டும். திருநீறோடுதான் போனேன். வாசலில் செருப்பு அடுக்கிக்கொண்டிருந்த பெரியவர் என் நெற்றியைப் பார்த்து மலாயில், "தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போய்விட்டு வருகிறாயா?" என்று கேட்டார். அவர் தைப்பூசத்துக்கு வருடா வருடம் தேங்காய் உடைப்பவராம். எனக்குப் பாதிப் பயம் அங்கேயே போய்விட்டது.

முதலில் "நமோ தஸ்ஸ" என்று மூன்று முறை ஓதினார்கள். அப்புறம் புத்தம் சரணம் கச்சாமி. அது நமக்கெல்லாம் தெரிந்ததுதானே, ஆனால் சுற்றி இருபது குரல் சேர்ந்து மெல்லச் சொல்லும்போது வேறாக இருந்தது. நான் சொல்லவில்லை, கேட்டுக்கொண்டிருந்தேன். எல்லோரும் விழுந்து வணங்கியபோது நான் உட்கார்ந்தபடி கைகூப்பினேன். யாரும் பார்க்கவில்லை, பழைய பட்டர்வொர்த் ஐயா சொன்னது சரி.

பிறகு நடைத் தியானம். இதைப் பற்றி யாரும் என்னிடம் சொல்லவில்லை! பத்தடி தூரம், கண்ணைத் தாழ்த்தி, காலைத் தூக்குவது, நகர்த்துவது, வைப்பது, ஒவ்வொன்றையும் மனதுக்குள் சொல்லிக்கொண்டு போக வேண்டும். மெதுவாக நடந்தால் உடம்பு தள்ளாடுகிறது, ஆச்சரியமாக இருந்தது. முப்பது வருடமாக நடந்த காலை நான் ஒருநாளும் கவனித்ததில்லை. அப்பா கடைசி மாதங்களில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் இப்படித்தான் நடந்தார். தூக்கி, நகர்த்தி, வைத்து. "சீக்கிரம் வாங்கப்பா, சாப்பாடு ஆறுது" என்று நான் அவசரப்படுத்தியிருக்கிறேன். அந்த நினைப்பு வந்ததும் நின்றுவிட்டேன். நடத்திய அம்மா அருகில் வந்து மெல்லிய குரலில், "துக்கம் வந்தால் துக்கம் என்று குறித்துக்கொள், பிறகு காலுக்கு வா" என்றார். குறித்தேன். பல தடவை குறித்தேன்.

உட்கார்ந்தது நாற்பது நிமிடம். பதினைந்தாவது நிமிடம் இடது கால் முழுக்க மரத்துப்போனது. எட்டே முக்கால் மணி வாக்கில் பக்கத்துப் பள்ளிவாசலில் இருந்து இஷா என்னும் இரவுத் தொழுகைக்கான பாங்கு வந்தது. தொந்தரவாக இருக்கும் என்று நினைத்தேன். "கேட்கிறது, கேட்கிறது" என்று குறிக்கச் சொல்லியிருந்தார்கள், அப்படியே செய்தேன். அந்த இரண்டு மூன்று நிமிடம்தான் நேற்று என் மனம் எங்கும் ஓடாமல் இருந்த நேரம்.

முடிவில் ஒன்று நடந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

எல்லோரும் கைகூப்பி ஒரு வரியை மூன்று முறை சொன்னார்கள்: "இதம் மே ஞாதீனம் ஹோது, சுகிதா ஹொந்து ஞாதயோ." பாலி எனக்குத் தெரியாது. ஆனால் ஞாதி என்ற சொல் காதில் விழுந்ததும் நிமிர்ந்துவிட்டேன். அப்பாவின் காரியத்தில் ஐயர் சொன்ன அதே ஞாதி. சுகிதா, அது சுகம். பக்கத்தில் இருந்த அக்காவிடம் கேட்டேன். "இன்று நாம் செய்த நல்லது இறந்துபோன நம் உறவினருக்குச் சேரட்டும், அவர்கள் சுகமாக இருக்கட்டும்" என்று அர்த்தமாம். ஒவ்வொரு புதன்கிழமையும் சொல்வார்களாம். அப்புறம் சாது, சாது, சாது என்று மூன்று முறை, நன்று என்று பொருளாம்.

அங்கே நான் அழுதேன். ஒருவரும் என்னைத் தேற்ற வரவில்லை, ஒருவரும் எழுந்து போகவும் இல்லை. அழுது முடியும்வரை அந்த அக்கா என் பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கீழே தேநீரும் குவே பலகாரமும் கொடுத்தார்கள்.

தூக்கம் மாறவில்லை, உண்மையைச் சொல்கிறேன். இன்றும் மூன்று மணிக்கு விழித்தேன். ஆனால் போனை எடுக்கவில்லை. வயிறு எழும்புவதையும் அடங்குவதையும் பார்த்துக்கொண்டு கிடந்தேன். எப்போது விடிந்தது என்று கவனிக்கவில்லை.

பழைய பட்டர்வொர்த் | வியாழன், இரவு 10:20

அந்த வரியை நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன் அம்மா. ஞாதி என்ற சொல் நம் வீட்டுச் சொல் என்பது இன்றுவரை எனக்கு உறைக்கவே இல்லை. என் அப்பா 1991இல் போனார். அடுத்த முறை வேறு மாதிரி சொல்வேன்.

திருமுறை அடியான் | வெள்ளி, காலை 6:15

படித்தேன் சகோதரி. அப்பாவின் வருடத் திதியை விட்டுவிடாதீர்கள், அதுவும் அவருக்குச் சேர வேண்டும். நம் கோயிலில் ஞாயிறு காலை திருமூலர் வாசிக்க நாலைந்து பேரைச் சேர்க்கலாம் என்று இந்த இழையைப் பார்த்த பிறகு நினைக்கிறேன். தொடங்கினால் சொல்கிறேன், முடிந்தால் அம்மாவோடு வாருங்கள்.

செந்தூல்வாசி | வெள்ளி, மதியம் 12:50

நடைத் தியானத்தில் அப்பாவின் கால். அந்த இடத்தில் நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் மீதியைப் படித்தேன்.

ஜெலுத்தோங் மகள் | சனி, மாலை 6:30

திருமூலர் வாசிப்புக்கு வருவோம் ஐயா. அப்பாவின் திதியையும் விட மாட்டோம்.

அம்மா இன்று மதியம்தான் வாயைத் திறந்தார். அந்த வரியைப் பற்றிச் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "அப்பா பேரைச் சொன்னியா?" என்றார். பெயரைச் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள், மனதில் நினைத்துக்கொள்ள வேண்டும் என்றேன். "நினைச்சியா?" என்றார். அந்த நேரத்தில் அழுததில் நினைக்கக்கூட முடியவில்லை என்று சொன்னேன். "அடுத்த வாரம் முழுப் பேரா நினை. உங்க தாத்தாவையும் சேர்த்துக்கோ" என்றார். பையைப் பிடித்துக்கொண்டிருந்த அக்காவுக்குக் கொடுக்கச் சொல்லி, கொல்லையில் பழுத்த வாழைத்தாரில் ஒரு சீப்பை இப்போதே எடுத்து வைத்திருக்கிறார். புதனுக்குள் கறுத்துவிடும் என்றால் கேட்கவில்லை.

பி.எம். பையன் | சனி, இரவு 8:44

அக்கா, நானும் ஒருமுறை வரலாமா? யாரிடமும் சொல்லாத காரணம் ஒன்று எனக்கும் இருக்கிறது. புக்கிட் மெர்தாஜாமிலிருந்து மோட்டார் சைக்கிளில்தான் வருவேன், தீவுப் பக்கம் வழி தெரியாது.

ஜெலுத்தோங் மகள் | சனி, இரவு 9:02

வாங்க தம்பி. மோட்டாரோடு ஃபெரியில் ஏறி இந்தப் பக்கம் இறங்கிவிடுங்கள். ஏழேகால் மணிக்கு ஜெட்டி வாசலில் நானும் அந்தச் சீன அக்காவும் நிற்போம். ஜீன்ஸ் போட வேண்டாம்.